கூரையில் விளையும் மின்சாரம்

கடலூர் மாவட்டத்தில், முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் நிலத்தின் நடுவே அமைந்த தொழில்நகரம் நெய்வேலி. அந்நிலத்தின் மேற்பரப்பைக் கண்டவர் எவரும் அதன் அடியில் உறங்கிய பெருஞ்செல்வத்தை அறிந்திலர். 1930-களில் அப்பகுதியின் நிலக்கிழாராகிய சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தார். நீரோடு கலந்து கரிய துகள்கள் மேலெழுந்து வந்தன. அவற்றை வெறும் அழுக்கென்று அவர் ஒதுக்கிவிடவில்லை. அரசின் பார்வைக்குக் கொண்டு சென்றார். ஆராய்ந்தபோது அவை பழுப்பு நிலக்கரியின் துகள்கள் எனத் தெளிவாயிற்று. பண்டைக்காலத்துக் காடுகள் மண்ணுள் புதைந்து, அழுத்தமும் வெப்பமும் உற்று, எண்ணற்ற ஆண்டுகள் கழிந்தபின் கரியாக மாறிய பொருளே அது.

அக்கரியை அகழ்ந்தெடுத்து மின்சாரம் ஆக்கவேண்டும் என்னும் முயற்சி நாடு விடுதலை பெற்றபின் உறுதி பெற்றது. அந்நாளில் சென்னை மாநில முதலமைச்சராய் இருந்த காமராசர் அத்திட்டத்திற்கு ஊக்கமளித்தார். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது. 1957-ஆம் ஆண்டு மேத் திங்கள் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப்படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962-இல், சோவியத்து நாட்டின் துணையுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையத்தில் மின்னாக்கி சுழலத் தொடங்கியது. மேட்டு நிலத்தில் சாலைகளும் நிழல்மரங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் சூழ, வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்ற நகரமும் எழுந்தது. சுரங்கமும் நகரமும் எழுவதற்காகத் தம் வயலையும் மனையையும் விட்டு அகன்ற சிற்றூர் மக்கள் பலராவர். நெய்வேலி தந்த ஒளியில் அம்மக்களின் இழப்பும் கலந்திருக்கின்றது.

ஒரு வழிப் பாதை

அனல்மின் நிலையத்தில் கரி எரிகின்றது. அவ்வெப்பத்தால் நீர் கொதித்து ஆவியாகின்றது. ஆவி சுழலியைச் சுழற்ற, சுழலி மின்னாக்கியை இயக்குகின்றது. அங்குப் பிறந்த மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளின் வழியே நெடுந்தொலைவு செல்லும். துணைமின் நிலையங்களில் அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்படும். இறுதியில், தெருவில் நிற்கும் மின்மாற்றியை அடைந்து, 230 வோல்ட் அழுத்தத்தில் வீடுகளுள் நுழையும். இங்ஙனம் பல நிலையங்களையும் எண்ணிறந்த வீடுகளையும் ஒன்றாகப் பிணைத்து நிற்கும் கம்பிகளின் அமைப்பே மின்தொகுப்பு எனப்படும்.

இவ்வமைப்பு ஆற்றுப்பாசனத்தை ஒத்தது. அணையிலிருந்து புறப்படும் நீர் பெருங்கால்வாயில் ஓடி, கிளைவாய்க்காலில் பிரிந்து, மடையின் வழியே வயலில் பாய்கின்றது. வயலிலிருந்து வாய்க்காலுக்கு நீர் மேலேறிச் செல்வதில்லை. அதுபோலவே மின்சாரமும் நிலையத்திலிருந்து வீட்டிற்கே வந்தது. வீட்டிலிருந்து நிலையத்தை நோக்கிச் சென்றதில்லை. கம்பிகள், மின்மாற்றிகள், அளவுமானிகள், கட்டண விதிகள் ஆகிய யாவும் இந்த ஒருவழி ஓட்டத்தை எண்ணியே வகுக்கப்பட்டன. வீட்டார் வாங்குவோர், மின்வாரியம் விற்போர். இவ்விரண்டு நிலைகளே இருந்தன.

இன்றோ இந்நிலை மாறியுள்ளது. வயலாக மட்டும் இருந்த வீடு, ஊற்றும் உடையதாயிற்று. அதன் கூரையிலேயே மின்சாரம் விளைகின்றது.

கதிரவனும் கூரையும்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றும் என்னும் உண்மையை 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கெரல் கண்டறிந்தார். ஆயினும் அது பயனுள்ள கருவியாக உருப்பெற நூறாண்டுகளுக்கு மேலாயின. 1954-இல் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தினர் சிலிக்கனால் ஆன ஒளிமின்கலத்தை உலகுக்குக் காட்டினர். மணலில் நிறைந்துள்ள சிலிக்கனைத் தூய்மைப்படுத்தி, மெல்லிய தகடுகளாக அறுத்து, வரிசையாக இணைத்துக் கண்ணாடியின் கீழ் பொதிந்தால் சூரிய மின்தகடு ஆகின்றது. இதில் எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை, புகையும் இல்லை. கதிரொளி படும்போது தகட்டினுள் எலக்ட்ரான்கள் இயங்கி மின்னோட்டம் பிறக்கின்றது.

தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். வீட்டிலுள்ள விளக்கும் விசிறியும் பெறுவதோ நொடிக்கு 50 முறை அலைந்து வரும் மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர் எனப்படும் மாற்றி. தொகுப்பில் ஓடும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் அலையையும் அது நொடிதோறும் அறிந்து, அவற்றோடு பிசகாமல் ஒத்திசைந்து தன் மின்சாரத்தைச் சேர்க்கும். பலர் சேர்ந்து பாடும்போது புதிதாய்ச் சேரும் ஒருவர் முன்னரே ஒலிக்கும் சுருதியில் தம் குரலைப் பொருத்திக்கொள்வதைப் போன்றது இது.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் ஆற்றலுடைய தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். அவற்றை நிறுத்த ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற கூரை போதும். நெய்வேலிக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரி எரியவேண்டும். எனவே இரண்டு கிலோவாட் தகடுகள் உள்ள ஒரு சிறு வீடு நாளொன்றுக்கு எட்டு கிலோகிராம் கரியையும், ஓராண்டில் மூன்று டன்னுக்குச் சற்றே குறைந்த கரியையும் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கின்றது. கரியை அடைய அதன்மேல் மூடிய மண்ணைப் பன்மடங்கு அகற்றவேண்டும். கீழிருந்து பொங்கும் நிலத்தடி நீரையும் இடைவிடாது இறைக்கவேண்டும். அவ்வுழைப்பும் அந்த அளவுக்கு மிஞ்சுகின்றது.

கொடுத்தலும் கொள்ளுதலும்

நெய்வேலிச் சுரங்கத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றோர், நகரக் குடியிருப்பை விட்டு நீங்கி, வடலூர், மந்தாரக்குப்பம் முதலிய அண்மையூர்களில் தம் சேமிப்பைக் கொண்டு வீடு கட்டி வாழ்வது வழக்கம். அத்தகைய வீடு ஒன்றின் கூரையில் இரண்டு கிலோவாட் தகடுகள் இருப்பதாகக் கொள்ளலாம்.

நண்பகலில் தகடுகள் நிறைய விளைவிக்கும். அப்பொழுது பிள்ளைகள் பள்ளியில் இருப்பர்; ஓரிரு விசிறிகளே சுழலும். விளைந்ததில் பெரும்பகுதி எஞ்சிவிடும். மாலை மயங்கிய பின்னரோ விளக்குகள் எரியவேண்டும். விசிறிகள் எல்லாம் சுழலவேண்டும். கூரையில் விளைச்சல் இராது. தேவையற்ற வேளையில் மிகுதி, தேவையுற்ற வேளையில் வறுமை என்பதே கூரைமின்சாரத்தின் இயல்பு. மிகுதியை மின்கலங்களில் சேமித்து வைத்தல் ஒரு வழி. ஆயின் அவை விலை மிகுந்தவை. சில ஆண்டுகளில் தேய்ந்து மாற்றத்தக்கவை. எளிய குடும்பத்திற்கு ஏற்ற வழி, மிகுந்ததை மின்தொகுப்பிற்குக் கொடுத்து, குறையும்போது அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளுதலே.

அண்டை வீட்டார்க்கு ஒரு படி அரிசி கைமாற்றாகக் கொடுத்துப் பின்னர்த் திரும்பப் பெறும் பழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் என்றும் உண்டு. அதனையே கணக்கோடு செய்வது நிகர அளவீடு என்னும் முறை. இதற்கெனப் பொருத்தப்படும் இருவழி அளவுமானி, உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் தனித்தனியே குறிக்கும்.

மேற்கூறிய வீட்டின் கணக்கை ஆராய்வோமாயின் இது விளங்கும். இரண்டு திங்களில் கூரை விளைவிப்பது 480 யூனிட். பகலில் வீடே நேராகப் பயன்படுத்திக்கொள்வது 150 யூனிட். தொகுப்பிற்குச் செல்வது எஞ்சிய 330 யூனிட். இரவிலும் மழைநாளிலும் தொகுப்பிலிருந்து பெறுவது 380 யூனிட். கொடுத்ததைக் கொண்டதில் கழித்தால், வீட்டார் கணக்கில் நிற்பது 50 யூனிட் மட்டுமே. கொடுத்தது மிகுந்தால் அம்மிகுதி அடுத்த கணக்கில் வரவு வைக்கப்படும். தொகுப்பைப் பயன்படுத்துவதற்கென ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் வகுத்திருப்பின் அது தனியே செலுத்தத்தக்கது.

வீட்டார் கொடுத்த மின்சாரம் நெய்வேலி வரை திரும்பிச் செல்வதில்லை. மின்சாரம் அண்மையிலுள்ள தேவையையே முதலில் நாடும். ஒரு வீட்டுக் கூரையில் நண்பகலில் விளைந்தது, அதே தெருவிலுள்ள தையற்கடையின் எந்திரத்தை ஓட்டியிருக்கும்; மாவு அரைக்கும் ஆலைக்குப் பயன்பட்டிருக்கும். நெடுந்தொலைவு கம்பியில் வரும்போது வெப்பமாய் வீணாகும் பகுதியும் இதனால் குறைகின்றது.

வாயிலில் நின்ற தடை

இவ்வளவு நன்மை இருந்தும் கூரைமின்சாரம் விரைந்து பரவவில்லை. தகட்டின் விலை முன்னாளில் மிகுதியாய் இருந்தது ஒரு காரணம். விலை குறைந்த பின்னரும் எஞ்சி நின்ற காரணம், தொகுப்போடு இணைவதிலுள்ள அலைச்சலும் காத்திருப்புமே.

விண்ணப்பம் எழுதவேண்டும். அத்தெருவின் மின்மாற்றி புதிய மின்சாரத்தைத் தாங்குமா என்று பொறியாளர் ஆய்ந்து சொல்லவேண்டும். வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாதாயின் அதனை உயர்த்தவேண்டும். தகடுகள் நிறுவப்பட்ட பின் மீண்டும் ஆய்வு நடைபெறவேண்டும். பின்னர் இருவழி அளவுமானி வரவேண்டும். பெருந்தொழிற்சாலைக்கு இப்படிகள் பெரிதல்ல. அதற்கெனத் தனி அலுவலர் இருப்பர். கூலியை இழந்து அலுவலகம் செல்லவேண்டிய எளியவர்க்கோ ஒவ்வொரு படியும் ஒரு மலை. அவர் வாங்கிய தகடுகள் கூரைமேல் வெயில் காய்ந்து கொண்டிருக்கும். அவற்றுக்காகப் பெற்ற கடனுக்கு வட்டியோ நாள்தோறும் வளர்ந்து கொண்டிருக்கும். கதவு பூட்டப்படவில்லை என்பது உண்மை. ஆனால் நெடுநேரம் தட்டினாலன்றித் திறவாத கதவு, எளியவர்க்குப் பூட்டிய கதவே ஆகும்.

பிற நாட்டார் கண்ட வழி

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை அள்ளும் பெருஞ்சக்கர எந்திரங்கள் ஜெர்மனி நாட்டிலிருந்து வந்தவை. அந்நாடும் பழுப்பு நிலக்கரியை மிகுதியாக அகழ்ந்த நாடே. கரியெடுக்கும் கலையில் முன்னின்ற அந்நாடு, கூரைமின்சாரத்திற்கு வாயில் திறப்பதிலும் முன்னின்றது. சிறு உற்பத்தியாளர் கதிரொளி, காற்று முதலியவற்றால் ஆக்கும் மின்சாரத்தை மின்நிறுவனங்கள் மறுக்காமல் ஏற்று, அதற்கு விலையும் தரவேண்டும் என 1990-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டினர் சட்டம் இயற்றினர். 2000-ஆம் ஆண்டில் அதனை மேலும் விரிவாக்கினர். உழவரும் பள்ளிகளும் சிற்றூர்க் கூட்டுறவுகளும் மின்சாரம் விளைவிப்போர் ஆயினர். 2024-ஆம் ஆண்டில், வாடகை வீட்டின் மாடிமுகப்பில் மாட்டும் சிறு தகடுகளுக்கும் விதிகள் எளிமையாக்கப்பட்டன. 800 வாட் வரை ஆற்றல் தரும் அத்தகைய அமைப்பை, நாட்டுப் பதிவேட்டில் எளிய முறையில் பதிந்துவிட்டு இயக்கலாம் என்று ஆயிற்று. கூரையே சொந்தமில்லாதாரும் கதிரொளியில் பங்கு பெற இது வழி செய்தது.

இந்தியாவில் திறந்த வாயில்

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடைபெறாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டுக்கு வகை செய்யும் ஆணையைப் பிறப்பித்தது. 2019-இல் புதிய சூரிய ஆற்றல் கொள்கை வந்தது. 2021-இல் தொகுப்போடு இணைந்த சூரிய மின் அமைப்புகளுக்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன.

நாடு முழுமைக்கும் பொதுவாக, மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. அவை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருத்தப்பட்டபோது, சிறு வீடுகளின் பாதை பெரிதும் எளிதாயிற்று. 10 கிலோவாட் வரையுள்ள கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டுவதில்லை. முறையாக நிறைவு செய்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வேண்டுமளவு மின்பளுவும் உடன் உயர்த்தப்படும். அதற்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு ஆய்வுக்கான காலம் 20 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. அக்காலத்திற்குள் முடிவு தெரிவிக்கப்படாவிடின் ஒப்புதல் அளித்ததாகவே கருதப்படும். 5 கிலோவாட் வரையுள்ள அமைப்புக்காக மின்மாற்றி முதலியவற்றை வலுப்படுத்த நேர்ந்தால், அச்செலவு மின்வழங்கு நிறுவனத்தைச் சார்ந்தது. நிறுவிய அமைப்பை இயக்கத்திற்குக் கொண்டுவரும் காலமும் 30 நாளிலிருந்து 15 நாளாயிற்று.

இவ்விதிகளின் சிறப்பை ஒரு சொல்லால் அறியலாம். முன்னர், மறுமொழி வாராத விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. காத்திருத்தலின் சுமை விண்ணப்பித்தவர் தோளில் இருந்தது. இப்பொழுது காலம் கடந்தால் ஒப்புதல் கிடைத்துவிடும். விரைந்து செயற்படும் பொறுப்பு அலுவலகத்தைச் சார்ந்தது. சுமை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறியதே இச்சீர்திருத்தத்தின் உயிர்நிலை.

அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள், ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதை நோக்கமாகக் கொண்ட திட்டம் ஒன்றும் நடுவண் அரசால் தொடங்கப்பெற்றது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 78,000 ரூபாய் என அத்திட்டத்தில் உதவித்தொகை வகுக்கப்பட்டது. பொருளுதவியும் வழியெளிமையும் ஒருங்கே வந்தாலன்றி எளியவர் பயன்பெறார் என்னும் உண்மை இதனால் உணரப்பட்டதென்க.

எளிமை வேறு, அசட்டை வேறு

வாயிலை எளிதாகத் திறக்கவேண்டும் என்பதால் காவலே வேண்டா என்பது பொருளன்று. மின்சாரம் அடங்கி நிற்கும்வரை ஏவலாள், அடங்காதபோது கூற்றுவன்.

பெருங்காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்துவிடுகின்றது. துணைமின் நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியாளர் கம்பத்தின்மேல் ஏறுகின்றார். கம்பியில் உயிரோட்டம் இல்லை என்று எண்ணியே அவர் அதனைத் தொடுகின்றார். அவ்வேளையில் ஏதேனும் ஒரு வீட்டின் கூரை, அக்கம்பியினுள் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருக்குமாயின் அவர் நிலை என்னாகும்? இக்கேடு நேராதிருக்கவே, தொகுப்பில் மின்சாரம் நின்ற மறுநொடியே மாற்றியும் தானே நின்றுவிடுமாறு அமைக்கப்படுகின்றது. பகலில் நல்ல வெயில் காய்ந்தும், தெருவில் மின்தடை ஏற்படும்போது கூரைத்தகடு உள்ள வீடும் இருண்டிருப்பதன் காரணம் இதுவே. தனியே சேமிப்புக் கலமும் தொகுப்பிலிருந்து பிரிக்கும் அமைப்பும் வைத்திருப்போர் வீடுகளே இதற்கு விலக்கு. தன் வீட்டில் சிறிது நேரம் விசிறி நிற்பது, ஒரு கம்பியாளரின் உயிர் நிற்பதற்கு ஈடாகுமா?

மற்றொன்றும் உண்டு. ஒரே தெருவில் பல வீடுகள் நண்பகலில் மின்சாரத்தைக் கொடுக்க, கொள்வார் சிலரே ஆயின், அத்தெருவின் மின்னழுத்தம் அளவுக்கு மேல் உயரும். மடை சிறியதாயிருக்க, நாற்புறமும் நீர் வந்து மோதினால் கரை உடைவது போன்றது அது. எனவே தரமான மாற்றி, முறையான நிலத்தொடர்பு, இடிதாங்கி, தகுதி பெற்றோரின் வேலைப்பாடு ஆகியவை இன்றியமையாதன. வீட்டார் தாமே அறியாமல் கம்பியை மாட்டிக்கொள்வது பெருங்குற்றம், பேரிடரும் ஆகும். ஆய்வு நீக்கப்பட்டது சிறு அமைப்புகளின் காத்திருப்பைக் குறைக்கவே; காப்பு நீக்கப்படவில்லை.

நெய்வேலி காட்டும் நெறி

கூரைகளில் மின்சாரம் விளைவதால் நெய்வேலியின் பணி முடிந்துவிட்டதோ என்று வினவுவாரும் உளர். கதிரவன் மாலையில் மறைகின்றான். தமிழ்நாட்டின் விளக்குகளோ அப்பொழுதுதான் ஏற்றப்படுகின்றன. மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டிவைத்தல் எளிதன்று. ஆக்கப்படும் அளவும் செலவாகும் அளவும் ஒவ்வொரு நொடியும் ஒத்திருக்கவேண்டும். ஆதலின் இரவில் ஒளி தரும் நிலையங்களும், மிகுதியைத் தேக்கிவைக்கும் புதிய அமைப்புகளும், இவற்றைப் பிணைக்கும் தொகுப்பும் நாட்டுக்கு வேண்டும்.

தொகுப்பைப் பேணும் செலவு அனைவர்க்கும் பொதுவானது. கூரையுடையோர் தம் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, அச்சுமை முழுவதும் கூரையற்ற ஏழையர் தலையில் இறங்கிவிடலாகாது. குடிசையில் வாழ்வோரும் வாடகைக் குடியினரும் கதிரொளியின் பயனைப் பெறும் வழிகளை வகுத்தல் அரசின் கடன்.

கரியையே நம்பி எழுந்த நெய்வேலியும் இம்மாற்றத்தைக் கண்டு அஞ்சி நிற்கவில்லை. 1962-இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 2015-இல், 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் நெய்வேலி மண்ணில் எழுந்தது. பின்னர் 130 மெகாவாட் அளவில் பெரியதொரு நிலையமும் அமைந்தது. 2016-ஆம் ஆண்டில் கழகத்தின் பெயரும் மாறியது. பழுப்பு நிலக்கரி என்னும் சொல் நீங்கி, என்.எல்.சி. இந்தியா என்னும் பெயர் நிலைபெற்றது. ஒரு காலத்தில் மண்ணின் அடியை மட்டும் நோக்கிய ஊர், இன்று வானத்தையும் நோக்குகின்றது.

சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், தம் வீட்டு மாடியில் புதிதாகப் பொருத்திய தகடுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அருகில் நின்ற பேத்தி, "தாத்தா! நம் மாடியும் ஒரு சுரங்கமா?" என்று கேட்டாள்.

முதியவர் நகைத்து, "ஆம் அம்மா! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நான் அங்கே வெட்டியெடுத்த கரி எரிந்தால் எரிந்ததுதான், மீண்டும் விளையாது. இந்தச் சுரங்கம் நாள்தோறும் காலையில் தானே நிறைந்துவிடும்," என்றார்.

"அப்படியானால் நமக்கு மிஞ்சியதை யாருக்குக் கொடுப்பது?"

"அதோ, அந்தக் கம்பிக்கு. நான் பணியில் இருந்தபோது என் உழைப்பு அந்தக் கம்பி வழியே ஊருக்குப் போயிற்று. இப்போது நம் வீட்டு வெயிலும் அதே வழியில் போகின்றது."

அம்முதியவர் கூறியதில் ஆழ்ந்த பொருள் அடங்கியுள்ளது. கம்பி ஒன்றே, முன்னர் அதன் வழியாக வீடு பெற்றுக்கொண்டது, இன்று பெறவும் செய்கின்றது, கொடுக்கவும் செய்கின்றது. தன்னால் இயன்றதைப் பொதுவிற் கொடுத்து, தனக்கு வேண்டியதைப் பொதுவிலிருந்து பெறுவதை ஒப்புரவு எனச் சான்றோர் போற்றினர். கொடுக்க முன்வருவோர் வாயிலில் நெடுநேரம் காத்து நிற்குமாறு செய்யாதிருத்தலே ஒப்புரவை வளர்க்கும் அரசுக்கும் அலுவலகத்துக்கும் அழகு. கொடுப்பதையும் பிறர்க்குத் தீங்கின்றிக் கொடுத்தலே குடிமக்களுக்கு அழகு. இவ்விரண்டும் இணையுமிடத்தில், ஒவ்வொரு கூரையும் ஊருக்கு ஒளி தரும்.

பயிற்சி வினாக்கள்

1. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
2. மின்தொகுப்பிற்கும் ஆற்றுப்பாசனத்திற்கும் உள்ள ஒப்புமை யாது? அவ்வொப்புமை இன்று எவ்வகையில் மாறியுள்ளது?
3. ஒரு வீட்டின் கூரை இரண்டு திங்களில் 720 யூனிட் விளைவிக்கின்றது. பகலில் நேராகப் பயன்படுவது 250 யூனிட். தொகுப்பிலிருந்து பெறுவது 420 யூனிட். நிகர அளவீட்டின்படி அவ்வீட்டின் கணக்கைக் கூறுக.
4. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சிறு வீடுகள் பெற்ற எளிமைகள் யாவை?
5. மின்தடையின்போது கூரை மின்தகடு உள்ள வீடும் இருண்டிருப்பது ஏன்?
6. "நெடுநேரம் தட்டினாலன்றித் திறவாத கதவு, எளியவர்க்குப் பூட்டிய கதவே ஆகும்." இக்கூற்றை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.